தொண்ணூற்றிரண்டு பாகை

ஸ்டான்லியில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல்.
அதுவும் திறக்காது.
எப்போதோ பெயின்ட் அடித்தவன்
கதவையும் சட்டத்தையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறான்.
அதற்குக் கீழேதான் கன்னியப்பனைப் படுக்கவைப்பேன்.

முழங்காலின் ஓரத்தில் கோணமானியை வைத்துப் படிக்கிறேன்:
எழுபத்தெட்டு.
போன திங்களும் எழுபத்தெட்டு.
மூன்று மாதம் மாவுக்கட்டுக்குள் இருந்த மூட்டு
கட்டை வெட்டி எடுத்த பிறகும்
கட்டுக்குள்தான் இருக்கிறது.

"மடக்குங்க."
"நான் மடக்கறேம்மா. அது மடங்கல."
அது என்கிறார்,
அடுத்த வீட்டு நாயைச் சொல்வதுபோல.

கொருக்குப்பேட்டை யார்டில் முப்பத்தொரு வருடம் கீமேன்.
வலியை மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுப்பேன்.
தண்டவாளத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.
"ஒண்ணு முடிஞ்சு அடுத்தது தொடங்கற எடத்துல
சந்து வுட்டிருப்போம்,
உங்க சுண்டுவெரல் நகம் அளவு.
சித்திரை வெயில்ல இரும்பு நீளும்.
எடம் குடுக்கலன்னா இன்னா பண்ணும்?
பாம்பு மாதிரி பொரண்டு படுத்துக்கும்.
அப்புறம் வர்ற வண்டி போச்சு."

"இரும்புக்கே அப்படியா" என்றபடி
அந்த நேரம் பார்த்து அழுத்தினேன்.
கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
எண்பத்தொன்று.

தாழ்வாரத்தில் அவர் மனைவி ரமணியம்மா சொன்னாள்.
பாதையைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடு என்றாராம்
ஓர் அதிகாரி, அடைமழை நாளில்.
பார்க்காததுக்குப் போடமாட்டேன் என்று
டார்ச்சோடு இறங்கி நடந்தாராம் தண்ணீருக்குள்.
நடந்த வழியில் விரிசல் இருந்தது.
சிவப்பு விளக்கைக் கண்டு வண்டி நின்றது.

அதே வாய்தான்,
மகன் தயாளன் காண்ட்ராக்ட் கம்பெனியின்
ஆரஞ்சுச் சட்டையில் வந்து நின்ற அன்று,
"இந்தச் சட்டையோட வாசப்படி ஏறாத" என்றது.
ஆயிற்று, நாலு வருடம்.
பேரனுக்கு மொட்டை அடித்ததை
போட்டோவில் பார்த்தார்கள்.
அவள் பார்த்தாள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
மூன்றாவது மாடி என்னுடையது.
கடற்காற்று சுவருக்குள் புகுந்து கம்பியைத் தின்கிறது.
துருப்பிடித்தால் இரும்பு மெலியும் என்று நினைத்திருந்தேன்.
பெருக்குமாம்.
உள்ளேயே பெருத்து, சிமென்ட்டை உடைத்து,
இப்போது எட்டிப் பார்க்கிறது
அப்பளம் பொரிக்கும் வாணலிக்கு நேர் மேலே.
வந்த இன்ஜினியர் தட்டிப் பார்த்துச் சொன்னார்:
"கெட்டியாத்தான் கட்டியிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில்
ஓடு கழற்றிய நண்டு ஒன்று கூடையில் கிடந்தது.
விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது.
வளர வேண்டுமென்றால் இப்படிச் சில நாள்,
யார் வேண்டுமானாலும் தின்னக்கூடிய வெறும் சதையாக,
கல்லிடுக்கில் கிடந்தாக வேண்டும்.
"அது வேணாம், தண்ணி" என்று ஒதுக்கினாள் விற்பவள்.
நானும் கெட்டியாகப் பார்த்து
நாலு வாங்கிவந்தேன்.

எனக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான்:
ஒட்டிக்கொண்டதை இழுத்து இழுத்துப் பிரிப்பது.
அதிலும் அளவு உண்டு.
அடியோடு தளர்ந்த முழங்கால் ஆளை நிற்க விடாது.
கன்னியப்பனிடம் நான் எதைத் தளர்த்த?
மழையில் இறங்கிப் போன காலும்
வாசலில் மறித்து நின்ற காலும்
ஒரே கால்.

இன்று தொண்ணூற்றிரண்டு.
"தரையில சம்மணம் போட்டு உக்கார எவ்ளோ வேணும்?"
"நூத்தி இருபதாவது வேணும். எதுக்கு?"
"சும்மா."

கொஞ்ச நேரம் தலைக்கு மேல் பார்த்தார்.
"அந்த ஜன்னலு, சந்துல பிளேடு வுட்டா தொறந்துக்கும்மா."
"நாமாகத் தொடக்கூடாது.
எழுதிக் கொடுத்திருக்கிறது.
பொதுப்பணித்துறையிலிருந்து ஆள் வரணும்."
"எப்ப எழுதினது?"
பதினோரு வருடம் என்றேன்.

முதல்முறையாகச் சிரித்தார், உடம்பெல்லாம் குலுங்க.
என் கைக்குள் முழங்கால்
இன்னும் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.
அளக்கவில்லை.