இரண்டு வாளி

பஞ்சிகாவத்தையில் கதவளவே அகலமான கடை.
உள்ளே நானும் ஒரு நாற்பது போத்தலும்.
பச்சை, ஊதா, பபிள்கம் மணக்கிற ரோஸ்.
இம்தியாஸ் என்ற பெடியன்
ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் நிறுத்துகிறான்:
இது டயருக்கு, இது டேஷ்போர்டுக்கு,
இது உள்கண்ணாடிக்கு, இது
"சும்மா ஒரு ஷைனுக்கு, மிஸ்."

சும்மா ஒரு ஷைனுக்கு
நாலாயிரத்து எழுநூறு ரூபா.

கார் வந்து பதினொரு நாள்.
எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது.
நாற்பத்தெட்டு மாத லீசிங்கில்
முதல் தவணைக்கே இன்னும் நாள் இருக்கிறது.
அதற்குள் வெள்ளவத்தைக் காகங்கள்
தங்கள் தவணையைக் கூரையில் கட்டிவிட்டன.
ரயில் பாதைக்கு இரண்டு வீடு உள்ளே நிறுத்துகிறேன்.
காலையில் பொனட்டை விரலால் தொட்டு
நாக்கில் வைத்தால் உப்பு.
வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வாட்ச்மன் சிறிபாலவின் கட்சி:
பாத்திரம் கழுவுகிற, தேசிக்காய்ப் படம் போட்ட போத்தல்.
சட்டியில் ஒட்டிய எண்ணெயையே எடுக்குமாம்.
எடுக்கும்தான்,
பூசியிருக்கிற மெழுகையும் சேர்த்து.
மூன்றாம் மாடித் தர்மினியின் கட்சி:
மஞ்சள் பிடித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை.

பற்பசை என்றதும் எனக்கு விழித்துக்கொண்டது.
ஒன்பது வருஷமாய்
பல் கிளினிக்கில் டொக்டரின் இடது கைப்பக்கம் நிற்பவள் நான்.
பற்பசைக்குள் பொடி மணல் இருப்பதும்
மினுக்கம் என்பது
கொஞ்சம் அரைத்து எடுத்ததற்கு வைத்த பெயர் என்பதும் தெரியும்.
கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்
கரியும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துவிட்டு
ஐஸ் தண்ணீருக்கு அழுத மாப்பிள்ளைமாரை
கதிரையில் சாய்த்திருக்கிறேன்.
எனாமல் திரும்ப முளைக்காது.

"பெயின்டுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு இருக்காமே,
எவ்வளவு தடிப்பு?"
இம்தியாஸ் தலையைச் சொறிந்தான்.
கல்லாவில் இருந்த அவன் மச்சான்
காசெண்ணுவதை விடாமல் சொன்னான்:
"ஒரு தலைமயிர் அளவும் வராது, மிஸ்."

கையில் பிடித்திருந்த கொம்பவுண்டை
மெல்லத் தட்டில் திரும்ப வைத்தேன்,
தூங்குகிற பிள்ளையை வைப்பது போல.

வாங்கியது இவ்வளவுதான்:
காருக்கென்றே செய்த ஷாம்பூ, இருந்ததில் சின்னது.
ஒரு பேணி மெழுகு.
நாலு மைக்ரோபைபர் துணி.
ஓரத் தையலைக் கன்னத்தில் தடவிப் பார்த்தேன்,
லேபல்களைக் கத்தரித்துத் தரச் சொன்னேன்.
பிறகு இரண்டு வாளி.
"ரெண்டு எதுக்கு?"
ஒன்று நுரைக்கு,
மற்றது துணி வாய் கொப்பளிக்க.
அவன் சிரிக்கவில்லை. பில்லில் எழுதினான்.

ஞாயிறு. மோட்டர் எட்டு மணிக்கு நிற்கும்.
வெயில் மதிலைத் தாண்டுவதற்குள்
கூரையில் தொடங்கிக் கீழே வந்தேன்.
பத்து நிமிஷத்தில் ஒரு துணி தரையில் விழுந்தது.
கிளினிக்கில் விழுந்த கருவியை
யாருடைய வாயிலும் திரும்ப வைப்பதில்லை.
ஆக, இனி மூன்று துணி.
இரண்டாம் வாளியின் அடியில்
காலி வீதி முழுவதும் படிந்து கிடந்தது,
பஸ் புகை, கடல் மணல், யாரோ கட்டுகிற மாடியின் சீமெந்து.
இதையெல்லாம் வைத்துத்தான்
தேய்த்திருப்பேன்.

இடது பின்கதவில், கழுவிய பிறகு,
ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.
விற்றவர் கெட்டிக்காரர்,
கழுவாமல் விற்றார்.
நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டியது.
அவ்வளவு ஆழத்துக்கு
நாற்பது போத்தலிலும் மருந்து இல்லை.

சிறிபால பின்னால் வந்து நின்று
நாக்கைச் சப்புக்கொட்டினார்.
நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
போனில் குறித்துக்கொண்டேன்,
நோயாளிகளின் அட்டையில் குறிக்கிற மாதிரியே:
இடது, பின், கீழ்.
வலியில்லை. கவனிக்க.