வால்வைத் திருப்புதல்

பதினோரு வருஷம் மனு எழுதினேன்.
மாவட்ட அலுவலகத்து மூன்றாம் மாடியில்
ஒரு பச்சைக் கதவு. அதன் பின்னால் ஒருவர்,
குழாய் உங்கள் ஊரில், தீர்மானம் எங்கள் ஊரில்
என்று சொல்லாமல் சொல்லித் தேநீர் குடிப்பார்.
ஆக்புலுங்கிலிருந்து போக வர ஆறு மணி நேரம்,
தியான்ஷான் கணவாய் திறந்திருந்தால்.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில்
அவர்களே ஜீப்பில் வந்தார்கள்.
இனி நீரேற்று நிலையம் உங்களுடையது என்றார்கள்.
ஒரு சாவி. ஒரு ரப்பர் முத்திரை.
சோவியத் காலத்து மோட்டார்,
அதைவிட மூத்த அதன் இருமல்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நூற்றுப்பத்து வீட்டாரும் கூடினோம்.
அதிகம் கத்தியவள் என்பதால்
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.
பாராட்டா தண்டனையா, இன்னும் தெரியவில்லை.

முதல் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
நள்ளிரவில் மோட்டார் நின்றது.
முப்பது பேர், வாளிகளோடு, என் கதவை இடித்தார்கள்.
"என்னதான் செய்கிறது நிர்வாகம்?"
திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் யாரும் இல்லை,
ஆணியில் என் மேல்கோட்டு மட்டும் தொங்கியது.

விதிகளையும் நாங்களே எழுதினோம்.
குளியலறை உள்ள வீட்டுக்கு இவ்வளவு,
பசுவுக்கு இருபது சோம்.
ஆட்டுக்கு வேண்டாம், ஆடு பனியைத் தின்னும்
என்றார் பெக்மிர்சா. அதற்கே ஒன்றரை மணி நேரம்.
இரண்டு மாதம் கட்டாவிட்டால் வால்வை மூடலாம்.
தூக்கிய கைகளை எண்ணினேன்,
எண்ணியவள் கையையும் சேர்த்து.

எசென்குல் நான்கு மாதம் கட்டவில்லை.
குதிரை விற்ற பணம்
மனைவியின் சிறுநீரகத்துக்குப் போயிற்று.
எல்லாருக்கும் தெரியும்.
பச்சைக் கதவுக்காரருக்குத் தெரிந்திருக்காது,
அதனால் அவருக்கு எளிது.
கூட்டத்தில் பெயரை வாசித்தேன்.
ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
மூடச் சொல்லி எழுந்த கைகளில்
ஒன்று எசென்குல்லுடையது.
"என் வீட்டுக்குத் தனி விதி என்றால்
நாளைக்கு மூன்றாம் மாடிக்கே போய்விடலாம்."

மறுநாள் ஸ்பானரோடு அவர் வாசலில் நின்றேன்.
வால்வு உறைந்து கல்லாகியிருந்தது.
இழுத்தேன், தொங்கினேன், திட்டினேன்.
அவர் உள்ளே போய்
கெட்டிலோடு வந்தார்.
கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றினார்:
தன் குழாயை அடைக்க
தன் குழாய் தந்த தண்ணீர்.
ஆவி எங்கள் இருவர் முகத்தையும் மறைத்தது.
அவர் மனைவி ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள்.

இளகியது வால்வு.
இனி என் மணிக்கட்டு சொன்னதைக் கேட்கும்.
இடமா, வலமா.

எந்தப் பக்கம் திருப்பினேன் என்பது
பதிவேட்டில் இருக்கிறது,
நாற்பத்தொன்றாம் பக்கம், என் கையெழுத்தில்.
நீரேற்று நிலையத்தில் மேஜைமேல் கிடக்கிறது,
யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.
ஓரத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.
எனக்கு எதிராக ஆறு பேர்,
ஆதரவாக நான்கு,
கடைசியில் பெக்மிர்சா, பென்சிலால்:
வாஷர் தேய்ந்துவிட்டது. புதிது வாங்கவும்.