இருநூற்றுப் பன்னிரண்டு

கட்டபெட்டில் பாய் விரித்தது நானும் பர்கத்தும்.
மிதித்தால் காலணியில் கட்டிய சில்லு
தன் எண்ணைச் சொல்லிவிடும். பெட்டி ஒருமுறை கீச்சிடும்.
முப்பத்து நாலாவது கிலோமீட்டர், நல்ல பனி.
பதினோரு நாட்டுக்காரர்கள் கீச்சிட்டுப் போனார்கள்.
தேயிலைக்குள் நின்ற காட்டெருமை
ஒவ்வொன்றுக்கும் காதை அசைத்தது.

212. ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம் நாற்பத்தொரு நொடி.
யோனாஸ், எரித்திரியா.
தண்ணீரை வாங்கி, குடிக்காமல்
பிடரியில் ஊற்றிக்கொண்டு ஓடினான்.
அவனை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

கோத்தகிரி மைதானத்தில் வெடித்தது
எங்களுக்குக் கல்குவாரி மாதிரிக் கேட்டது.
'ஞாயித்துக்கிழமை எவன்டா வேட்டு வைக்கிறான்' என்றான் பர்கத்.

விசாரணையில் இதை நான்தான் சொன்னேன்.
அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டத்தான் சொன்னேன்.
அதையே மூன்று இரவு
அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்களாம்.
வேட்டு என்று உனக்கு எப்படித் தெரியும்?
பையில் ஒயர் எதற்கு?
என் பையிலும் அதே ஒயர், அதே நீளம்.
என் பெயர் லலிதாங்கி.
எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் கேட்டார்கள்.

நாலு நாள் கடையடைப்பு.
செக்போஸ்டில் நின்ற கேரட் லாரிகள்
நாறத் தொடங்கிய பிறகு நகர்ந்தன.
மைதானத்துக் கம்பங்களில்
எந்த நாட்டுக் கொடியையும் அவிழ்க்க ஆளில்லை,
மழை அவற்றைக் கம்பத்தோடு ஒட்டிவைத்தது.
ஒன்பது பேர் என்றார்கள். பிறகு பத்து.

கம்ப்யூட்டரில் எண்ணுக்கு எதிரே மூன்றே கட்டங்கள்:
முடித்தார். முடிக்கவில்லை. நீக்கப்பட்டார்.
ஒன்றைத் தொடாமல் பட்டியல் மூடாது.
மூடாதவரை 212க்கு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.
கோட்டுக்கு நாற்பது மீட்டர் முன்னால் என்று
வரைபடத்தில் சுண்டுவிரலால் காட்டினார்கள்.
அவன் அக்கா கடிதம் போட்டிருந்தாள்,
யாரையோ வைத்து ஆங்கிலத்தில் எழுதி.
குற்றவாளி பிடிபட்டானா என்று கேட்கவில்லை.
அம்மா கேட்கிறாள், அவன் நேரம் என்ன?

நான் பதில் போடவில்லை.
பர்கத் அரவேணுவில் பூண்டு மண்டிக்குப் போகிறான்.
எதிரே பார்த்தால் நிற்கிறான், பேசுகிறான்,
கைகளை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி
வெளியே வைத்துக்கொள்கிறான்.

பிறகு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள்.
அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும்மா.
மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

கீச்.

ஏட்டு நாற்காலியோடு பின்னால் போனார்.
சுவரோரம் அரக்கு வைத்த சாக்குகள்.
அவற்றில் ஏதோ ஒன்றுக்குள்ளிருந்து.
திரையில் வரி எழுந்தது:
212. இருபத்து மூன்று நாள்,
நாலு மணி, பன்னிரண்டு நிமிடம்.

'என்னம்மா சொல்லுது?'

'வந்துட்டானாம் சார்.'

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடவில்லை.
பிறகு மகஜரில் எழுதினார்:
இடது காலணி ஒன்று. நாடா இரட்டை முடிச்சு.
சில்லு, வேலை செய்யும் நிலையில்.