பறிமுதல் மகஜர்

அலுமினியக் குண்டான் ஒன்று, மூடி இல்லாதது.
உள்ளே குழம்பு, உத்தேசம் மூன்று கிலோ.
'கொதித்துக்கொண்டிருந்தது' என்று எழுதட்டுமா
என்று ரேஞ்சரைக் கேட்டேன்.
சூடாக இருந்தது, அது போதும் என்றார்.
வறுத்து அரைத்த மல்லியும் வரமிளகாயும்
குடிசை தாண்டி ஜீப் வரை வந்து நின்றன.
வாசனைக்கு மகஜரில் கட்டம் கிடையாது.

கெம்பம்மா அடுப்பைவிட்டு எழவில்லை.
ஆட்டுக்கறி என்றாள்.
எங்கே வாங்கினது?
அஞ்செட்டிச் சந்தையில்.
இன்றைக்கு ஏது சந்தை?
விறகைத் தள்ளிவிட்டாள்.
பின்னால் கேழ்வரகுக் கொல்லையில்
யாரோ ஓடும் சரசரப்பு, பிறகு அதுவும் இல்லை.
மகள் கொண்டையில் செருகியிருந்தாள்
கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்.
அதை நான் பார்த்தேன். எழுதவில்லை.

களி ஐந்து உருண்டை, தட்டில் ஆவியோடு.
களி மீது வழக்கில்லை.

குண்டானைத் துணி சுற்றித் தூக்கும்போது
"கொண்டுபோறதுன்னா போங்க,
உப்பு இன்னும் போடல" என்றாள்.

ஏழு மாதம் கழித்து ஆய்வகக் கடிதம்
தேன்கனிக்கோட்டைக் கோர்ட்டுக்கு வந்தது:
மாதிரி முழுவதும் வெந்துவிட்டபடியால்
எந்த விலங்கென்று கண்டறிய இயலவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.
தேதி கேட்டார்கள், கையெழுத்து என்னுடையதா என்றார்கள்.
கேட்டிருந்தால்
அவள் சொன்னதில் ஒன்றுக்கு நான் சாட்சி.
மூன்றாவது வளைவில் ஜீப் குலுங்கி
மடியில் இருந்த குண்டான் தளும்பியது.
கட்டைவிரல் சுட்டது.
வாயில் வைத்தேன்.

உப்பு இல்லை.