மூலை

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே
புதாற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டில்
அரை ஏக்கர் கொழுக்கட்டைப் புல்.
தீவனத்துக்கு இல்லை, விதைக்கு.
கிலோவுக்கு இத்தனை என்று பேச்சு.

முளைக்காதோ என்ற பயத்தில்
ஒன்றரைக் கிலோவை மூன்றாக்கினேன்.
வெளுக்குமோ என்ற பயத்தில்
மழைக்கு முன் ஒரு மூட்டை யூரியா,
மழை விட்டதும் இன்னொன்று.

இடுப்பளவு எழுந்தது. அப்படியொரு கரும்பச்சை.
பாப்பாநாட்டு மினிபஸ்கூட
என் வயலோரம் மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டேன்.
"அமலோற்பவம், என்ன உரம் போட்டே?"
சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரே ஒரு ராத்திரிக் காற்று.
விடிந்தால்
பாய் விரித்த மாதிரி கிடக்கிறது.
அடியில் புழுங்கிக் கறுத்த தாள்.
தப்பிய கதிரை நகத்தால் நெருடினேன்:
பஞ்சுக்குள் பஞ்சு.

நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட
என்று இடைவெளி சொன்னவர்கள்
புல்லுக்கு எதையும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

வடகிழக்கு மூலையில் மட்டும்
விதை தீர்ந்து கை உதறிய இடம்.
மூட்டையும் அங்கே எட்டவில்லை.
முழத்துக்கு ஒரு தூர், நடுவில் வெறும் மண்.
வெட்கப்பட்டு
அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போனதில்லை.

நின்றபடியே பழுத்திருந்தது.
தொட்டதும் உதிர்ந்தது, நெருடினால்
உள்ளே மணி கடித்தது.
மூன்று நாள், மூன்று தடவை
மடியில் உருவினேன்.

சாய்ந்ததை அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.
மாட்டுக்கென்ன,
என் தப்பை மெச்சி மெச்சித் தின்றது.

திங்கட்கிழமை விதைக்காரர் வருகிறார்.
வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தச் சொல்வது
என்று இப்போதே
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.