சுண்ணாம்பு

படிவத்தில் ஒரு கட்டம்:
மூலநிலையில் உள்ளதா? ஆம் / இல்லை.

எந்த நாளின் மூலநிலை, ஐயா?
கப்பலால் இறங்கிய அன்று
இந்தச் சிவப்பு வேறு சிவப்பு.
மணியின் நாக்கு பித்தளை.
இப்போதிருப்பது கோட்டடியில் அடித்த இரும்பு,
சத்தம் கொஞ்சம் மட்டம்.
வலப்பக்க மட்கார்டில் மூன்று துளை.
கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்
ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார்,
எடுத்தார்,
ஒன்றும் எழுதவில்லை.

பம்பைத் திறந்து காட்டினேன்.
உள்ளே முழுக்க வெள்ளை,
கால் அங்குலத் தடிப்பு.
"சுரண்டி எடுக்கலாம்தானே?"

எங்களுக்கு ஆறில்லை.
எந்த ஒழுங்கையில் நெருப்போ
அந்த ஒழுங்கைக் கிணற்றில் இது வாய் வைக்கும்.
படலையைத் தள்ளி, துலாவை ஒதுக்கி
குழாயை இறக்கினால்
கொஞ்ச நேரத்தில் அடி தெரியும்:
கயிறறுந்த வாளி,
யாரோ களவென்று அடி வாங்கிய வெள்ளிக் கரண்டி.

பதிவேட்டில் இருக்கிறது எல்லாம்,
சாரதி சவிரிமுத்தர் அருளப்புவின் கோணல் எழுத்தில்:

சுருட்டுக் கொட்டில், கொழும்புத்துறை. நீர்: திரேசம்மா வளவு.
வைக்கோற்போர், நீர்வேலி. நீர்: தோட்டக் கிணறு. வாழை பதினொன்று சேதம்.
நெருப்பு தம்பி வீட்டில். நீர் தமையனுடையது. பேச்சில்லை. தந்தார்கள்.
வெடிக்கடை, பெரியகடை. நீர்: உவர். பம்ப் இருமியது.

பிறகு, ஊர்ப் பெயர் மையால் அழித்த ஒரு வரி:
இந்தக் கிணற்றில் நான் அள்ளக்கூடாது.
வண்டி அள்ளியது.
அடுத்த நாள் கிணற்றுக்காரர்
ஆள் வைத்து இறைப்பித்ததாகக் கேள்வி.

மதிப்பீட்டாளர் சிரித்தார். நானும்தான்.
பின் தாளைப் புரட்டினார்.

அழைப்பு வந்த நேரம் இருக்கிறது.
புறப்பட்ட நேரம் இல்லை.
நீர் என்ற இடத்தில்
பேனை அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது,
கிழிசலுக்கூடாக
அடுத்த பக்கத்தின் மாட்டுக்கொட்டில் தெரிகிறது.

அவர் அந்தப் பக்கத்திலேயே நின்றார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தகரக் கூரையில் காகம் நடந்தது.

"தண்ணி இருந்ததோ அண்டைக்கு?"

இருந்தது.
தாங்கி நிறைய.

அதற்குப் பிறகு அவர்
ஆமையும் வெட்டவில்லை, இல்லையையும் வெட்டவில்லை.
பேனையை என்னிடம் நீட்டினார்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
பம்பின் உட்புறச் சுண்ணாம்பு அகற்றப்படலாகாது.
பல வளவுகளுக்குச் சொந்தம்.

போகும்போது, சின்னப்பிள்ளை மாதிரி,
மணிக்கயிற்றை ஒருக்கால் இழுத்தார்.

இரும்பு நாக்கு. மட்டமான சத்தம்.
வரிப்பணம் கட்ட வரிசையில் நின்ற சனம்
பற்றுச்சீட்டும் கையுமாய் முற்றத்துக்கு வந்து
எந்தப் பக்கம் புகை என்று
வானத்தைப் பார்த்தது.