பச்சைக்கல்

மப்பாய் போகிற மண்சாலையோரம்
பெயரில்லாத குட்டை ஒன்று.
டிசம்பரில் தண்ணீர், ஏப்ரலில் சேறு,
ஜூலையில் அல்சீராவின் செங்கல்.

பச்சைக்கல்தான். சுட விறகில்லை.
வெடித்த வண்டலைக் கொத்தி
பீப்பாய்த் தண்ணீர் விட்டு மிதித்துப்
பலகை அச்சில் அறைந்து கவிழ்ப்பாள்.
நானூற்றுப் பன்னிரண்டு கல்.
ஒன்றில் எத்தனை முட்டை என்று
யார் எண்ணினார்கள்?
மணலோடு மணல்.

மீன் பிடிக்க அல்ல, மீனை அளக்க வந்த ஒருவன்
போன மழையில் சொல்லியிருந்தான்:
பொரித்த பதினைந்தாம் நாளே பருவம்.
ஆணுக்கு மயில்கழுத்து நிறம், வாலில் மிளகாய்ச் சிவப்பு.
பெண்ணுக்கு நிறமில்லை, அவசரம் மட்டும்.
தினமும் சேற்றோடு சேறாக அணைந்து
ஒவ்வொன்றாக முட்டை புதைக்கும்.
மூன்றாம் மாதம் முதுகு வளையும்.
நான்காம் மாதம் குட்டை முடியும்,
குட்டைக்கு முன்பே சில முடிந்துவிடும்.
எந்தக் குஞ்சுக்கும்
பெற்றவர் முகம் தெரியாது.

"எங்கள் ஊர்க் கதை மாதிரி இருக்கிறதே" என்றாள்.
அவன் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டான்.

ஜெரெமியாஸ் ருஸ்டன்பர்க் சுரங்கத்தில்.
கிறிஸ்துமஸுக்கு வருவான், மூன்று வாரம்.
மூன்று பிள்ளைகளுக்கும்
பிறந்தநாள் செப்டம்பரில்.

இந்த முறை அவன் வரவில்லை.
பணம் வந்தது, பாதி.
மழை வந்தது, முழுதாக.
பூசாத பின்சுவர் இரவெல்லாம் கரைந்து
கீழே வைத்த அலுமினியச் சட்டியில்
குழம்பாகச் சேர்ந்தது.

விடிந்ததும் கொட்டப் போனவள் நின்றாள்.
சட்டிக்குள்
இமைமயிர் அளவில் ஏதோ
வெட்டி வெட்டி ஓடியது.
இரண்டு.
கண் பழகியதும் ஏழு.

ஜூலையில் அவள் ஊற்றிய தண்ணீரை
மழையென்று இவை நம்பவில்லை.
எப்படித் தெரிந்ததோ.
இந்த மழையையும் எல்லாமும் நம்பிவிடாதாம்;
பொய்த்தால் என்ன செய்வது என்று
கொஞ்சம் தூங்கியே கிடக்குமாம்.
அவள் சுவரைப் பார்த்தாள்.
மிச்சமிருந்த சுவர் சும்மா நின்றது.

போன் அடித்தது.
"சுவர் எப்படி இருக்கிறது?"
"பொரிந்துவிட்டது."
"இடிந்துவிட்டதா? சரியாகக் கேட்கவில்லை, சொல்."
"இடியவில்லை. பொரிந்துவிட்டது."
சிக்னல் போய்விட்டது. அல்லது அவன் காசு.

சட்டியை இடுப்பில் வைத்துக் குட்டைக்கு நடந்தாள்.
சேற்றில் ஒருமுறை வழுக்கித் தளும்பியது.
ஏழு, ஆறு.
குனிந்து தேடினாள், கிடைக்கவில்லை.
கரையில் மண்டியிட்டுச்
சட்டியைச் சாய்த்துத் தண்ணீரோடு தண்ணீராக விட்டாள்.
கலங்கலில் எது எங்கே போனதென்று தெரியவில்லை.
இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் என்று
விரலில் எண்ணிப் பார்த்தாள்:
வெள்ளிக்கிழமை.

மார்ச்சில் சுவரைப் பூசினாள்.
அடிவரிசையை மட்டும் விட்டுவிட்டாள்.
இந்த ஆண்டு
செப்டம்பர் காலி.